குழிரோட்டு ஏற்றம்

கரடிப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கிலிருந்து மலை மேலிருக்கும் மேல்கணக்குக்கு ஏற மூன்று வழிகள் இருந்தன. கார்த்திகை மாசத்து மழை ஒன்றை அடியோடு கொண்டுபோயிற்று. இன்னொன்றைப் பாதி கடித்து வைத்தது. மூன்றாவதை மழை தொடவில்லை, ஆனால் அதை வழி என்று சொல்வதே பாவம். பாக்டரியைச் சுற்றி, ஆற்றைச் சுற்றி, பக்கத்துத் தோட்டத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, விடியலில் கிளம்பினவனை உச்சி வெயிலில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

சிசிலிக்கு அது ஆகாது. அவள் குடியிருப்பது கீழ்க்கணக்கில், வேலை மேல்கணக்குப் பிள்ளை மடுவத்தில், ஆயம்மாவாக. காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துக் கொழுந்து மலைக்குப் போகும் பெண்கள், அதற்கு முன்னால் கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். மடுவம் திறக்காவிட்டால் பிள்ளை இடுப்பில் இருக்கும். பிள்ளை இடுப்பில் இருந்தால் கூடை முதுகில் ஏறாது. கூடை ஏறாவிட்டால் அன்றைக்குப் பேரும் இல்லை, சம்பளமும் இல்லை.

மேல்கணக்கிலேயே ஒருத்தியை வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். அதற்குப் பயிற்சி எடுத்த சர்டிபிகேட் வேண்டும். அந்த மலையில் அது சிசிலியிடம் மட்டும்தான் இருந்தது. அவள் அங்கேயே தங்கினால் என்ன என்றும் கேட்பீர்கள். தங்கிப் பார்த்தாள். மழை விட்ட வாரம் வினோதா வீட்டில் படுத்தாள். வினோதா கொழுந்து பறிப்பவள், தன் கைக்குழந்தையைச் சிசிலியிடம் விடுகிறவள், நல்ல மனசுக்காரி. ஆனால் லயத்தில் ஒரே காம்பராவில் எட்டுப் பேர். ஒருத்தர் புரண்டால் மற்ற ஏழு பேரும் புரள வேண்டும். போதாக்குறைக்கு வினோதாவின் மாமனார் சின்னராசாவின் குறட்டை. அதற்கு அந்த வீட்டுக் குழந்தையே பழகிப்போயிருந்தது, சிசிலிக்குத்தான் பழகவில்லை. ஒரு வாரத்தில் கண் இரண்டும் பழுத்து வீடு திரும்பினாள்.

பிறகு மடுவம் பூட்டியே கிடந்தது. மடுவங்களை மேற்பார்க்கும் வெல்பெயார் ஐயா மேலே பங்களாப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் இறங்கி வருகிறவர். கீழே இருப்பவள் எப்படி ஏறி வருவாள் என்ற கவலை அவருக்கு எதற்கு? இரண்டு தடவை வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போனார். வருகிற திங்கட்கிழமை பெரட்டு நேரத்துக்கு வருவேன், அன்றைக்கும் பூட்டியிருந்தால் மேல்கணக்கு மடுவத்தை மூடிக் கீழ்க்கணக்கோடு சேர்த்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பினார். சேர்ப்பது என்றால், தாய்மார்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கி, மறுபடி மலை ஏறி வேலைக்குப் போக வேண்டும். எந்த உடம்பு தாங்கும்? அத்தனை பேரும் வேலையை விட வேண்டியதுதான். ஒருமுறை மூடிய மடுவம் மறுபடி திறந்ததாக அந்தத் தோட்டத்தில் சரித்திரமே கிடையாது.

மிச்சம் இருந்தது மழை பாதி கடித்து வைத்த வழி ஒன்றுதான். அதற்குப் பெயர் குழிரோடு.

இந்தப் பொகவந்தலாவைப் பக்கம் மண்ணுக்குள் மாணிக்கக் கல் உண்டு என்பது ஊரறிந்த சங்கதி. ஒரு காலத்தில் இந்த ரோட்டின் இரண்டு பக்கமும் ஆம்பிளைகள் குழி வெட்டி இறங்கினார்கள். கல் எடுத்து முன்னுக்கு வந்தவர் ஒருவரோ இருவரோ. முதுகு ஒடிந்தவர்கள் மீதிப் பேர். அந்தக் காலத்திலிருந்தே ஒரு கட்டுப்பாடு: பொம்பளையின் கால் குழிமண்ணில் படக்கூடாது, பட்டால் கல் ஒளிந்துகொள்ளும், மண் இறங்கிவிடும். ரோட்டில் முனியாண்டிக் கல் வரைக்கும் பெண்கள் வரலாம். அந்தக் கல்லிலிருந்து மேலே டர்பன்டைன் மரங்கள் வரைக்கும் வரக்கூடாது. அதனால்தான் பெண்கள் எல்லாரும் குறுக்குப் பாதையில் ஏறி இறங்கிப் பழகினார்கள். குழிகளை விட்டுவிட்டுப் போய் எத்தனையோ வருஷமான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை, யாரும் நடக்கவும் இல்லை. சிசிலி கலியாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த நாள் முதல் அந்த ரோட்டின் மேல்பாதியைக் கண்ணால் பார்த்ததே கிடையாது.

அந்தக் குறுக்குப் பாதையைத்தான் மழை அடியோடு கொண்டுபோனது. அதே மழை குழிரோட்டிலும் ஓரிடத்தில் மண்ணைச் சரித்து, ரோட்டை ஒரு பாய் அகலத்துக்கு அறுத்துப் போட்டது. சரிந்த மண்ணுக்குள்ளே, மாணிக்கக் கல் கிடக்கிற பழைய சரளை தெரிந்தது. சரளை தெரிந்தால் போதாதா? வேலை குறைந்து, கையைப் பிசைந்துகொண்டிருந்த ஆம்பிளைகளுக்கு மறுபடி கல் ஆசை பிடித்துக்கொண்டது. கூடையும் மண்வெட்டியுமாகப் போய் இறங்கிவிட்டார்கள். அறுந்த இடத்தில் தாங்கள் போய்வர இரண்டு பலகையைப் போட்டார்கள். அவர்களுக்குத் தலைவர், பழைய குழியாளான அதே சின்னராசா. அந்தக் கூட்டத்தில் சிசிலியின் புருஷன் கஸ்பரும் இருந்தான்.

சிசிலி முனியாண்டிக் கல்லடியில் போய் நின்று, இந்த வழியாகப் போக விடுங்கள் அண்ணே என்று கேட்டாள். சின்னராசா அவளைத் திட்டவில்லை. உட்காரச் சொல்லித் தேத்தண்ணீர் கூடக் கொடுத்தார். பிறகு தன் தம்பி மாயாண்டியின் கதையைச் சொன்னார். ஒரு நாள் யாருடைய பெண்சாதியோ புருஷனுக்குச் சோறு கொண்டுவந்தவள், குழி வாய் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டாளாம். மறுநாள் காலையில் மண் இறங்கியது. மாயாண்டியை எடுக்கும்போது அவன் கையில் மண்வெட்டி இருந்ததாம்.

"கல்லு ஒளிஞ்சா ஒளிஞ்சிட்டுப் போகுது தங்கச்சி. மண்ணு எறங்கிரும். அத நான் ஒருக்கா பாத்துட்டேன், போதும்."

செத்துப்போன தம்பியோடு யார் வாதாட முடியும்? ஆனால் சிசிலி எழுந்து போகவும் இல்லை. மடுவம் மூடினால் உங்கள் பேத்தி எங்கே இருப்பாள் என்று மட்டும் கேட்டாள். வினோதா வீட்டிலிருந்து பார்த்துக்கொள்ளட்டும், கல் கிடைத்தால் ஒருத்தியும் கூடை தூக்க வேண்டியதில்லை என்றார் அவர்.

கஸ்பருக்கு ஒரு கெட்ட பழக்கம். இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நின்றால், நடுவில் போய் ஒரு பகிடி விடாமல் இருக்க மாட்டான். பகிடி விட்டால் சண்டை கரைந்துவிடும் என்பது அவன் நினைப்பு. அன்றும் விட்டான்.

"காலுதானே அண்ணே படக்கூடாது? சைக்கிள்ல போனா காலு படாதே."

எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஏற்றத்தில் சைக்கிள் என்பது குதிரைக்கொம்பு. முன்னால் மாதா கோயிலில் இருந்த பாதர் ஒருவர், உடம்புக்கு நல்லது என்று கியர் வைத்த சைக்கிள் ஒன்றை அட்டனிலிருந்து வாங்கிக்கொண்டுவந்தார். ஒரே ஒரு தடவை குழிரோட்டில் ஏறப் பார்த்தார். பாதி வழியில் நாக்குத் தள்ளி, சைக்கிளையும் தன்னையும் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு இறங்கி வந்தார். மாற்றலாகிப் போகும்போது சைக்கிளைக் கோயில் பின்னறையிலேயே விட்டுவிட்டுப் போனார். ஆம்பிளையான பாதருக்கே அந்தக் கதி என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. சின்னராசாவும் சிரித்தார். சிரித்த வாயோடு வாக்கும் கொடுத்துவிட்டார்.

"சரி. கல்லுல இருந்து மரம் வரைக்கும் காலு கீழ படாம ஏறிட்டா, தினமும் போகட்டும். நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். பட்டுச்சுன்னா அன்னைக்கே பலகைய எடுத்துருவோம்."

"பேச்சு மாறக்கூடாது அண்ணே," என்றாள் சிசிலி. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. கலியாணத்துக்கு முன்னால் சிசிலி நீர்கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தவள். அங்கே மீன் வாங்கப் போவதும் சைக்கிளில்தான், பூசைக்குப் போவதும் சைக்கிளில்தான். ஆனால் நீர்கொழும்பு தட்டையான ஊர். அங்கே மிதித்தால் சைக்கிள் போகும். இங்கே மிதித்தால் தொடைதான் போகும்.

கோயில் பின்னறையிலிருந்து சைக்கிளை எடுத்து, சிலந்தி வலையைத் துடைத்து, அன்று சாயங்காலமே முனியாண்டிக் கல்லை நோக்கி ஏறிப் பார்த்தாள். முதல் வளைவுக்கு முன்னாலேயே கால் ஊன்றிவிட்டாள். மறுநாள் இரண்டாம் வளைவு. இருபது வருஷமாக அந்த மலையில் நடந்தவள், மலை எவ்வளவு சாய்வு என்பதை அந்த வாரம்தான் தெரிந்துகொண்டாள். வாசற்படி ஏற முடியாமல் மூச்சு முட்டுகிறவளைப் பார்த்து, வயசான காலத்தில் இது என்ன ஆட்டம் என்று லயத்தில் சிலர் கேட்டார்கள். முப்பத்தொன்பது ஒரு வயசா என்று திருப்பிக் கேட்டாள்.

கியர் என்பது என்ன என்று அவளுக்குச் சொல்லித் தர ஆளில்லை. நெம்புகோலை இப்படியும் அப்படியும் தள்ளி அவளே கண்டுபிடித்தாள். ஒன்றாம் நம்பரில் வைத்தால் கால் காற்றில் சுற்றுவது போலிருக்கும், சைக்கிள் நத்தையாக நகரும். ஆனால் நகரும். அவசரப்பட்டால் மூச்சுப் போய்விடும், எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும். உட்கார்ந்து, மூக்கால் மூச்சுவிட்டு, அடுத்த மைல்கல்லைப் பார்க்காமல் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி மட்டும் பார்த்துக்கொண்டு மிதிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை முனியாண்டிக் கல் வரைக்கும் கால் ஊன்றாமல் வந்துவிட்டாள். அங்கே சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்து, காரணமில்லாமல் சிரித்தாள். கீழே லயங்களின் தகரக் கூரைகளில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. பஸ் ஓடாத ரோட்டில் ஒரு சத்தமும் இல்லை. தன் உடம்பு இன்னும் தன் சொல் கேட்கிறது என்பது அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கஸ்பருக்குத்தான் நிம்மதி போயிற்று. விளையாட்டாகச் சொன்னது வினையாகிவிட்டதே என்று கிடந்து புழுங்கினான். அவள் விழுந்து கை காலை முறித்துக்கொண்டால் அந்தப் பழி யாருக்கு? ஏறிவிட்டாலோ கூட்டாளிகள் அவனை என்ன சொல்வார்கள்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவன், பேசாமல் சங்கிலிக்கு எண்ணெய் போட்டான். பிறகு அடுப்பிலிருந்து கரித்துண்டு ஒன்றை எடுத்துவந்து, சீமெந்துத் தரையில் ஒரு நெளிந்த கோடு போட்டான். அவள் பார்த்திராத ரோடு அது.

இங்கே முனியாண்டிக் கல், இதற்கு மேல் முதல் வளைவில் உள்பக்கம் ஒட்டாதே, வெளிப்பக்கம்தான் சாய்வு குறைவு என்றான். இங்கே கொஞ்சம் சமன், இங்கே மூச்சு வாங்கிக்கொள். இது பலகை, அதில் பெடலை நிறுத்தாதே, நிறுத்தினால் ஆடிவிடும். பலகைக்கு மேலே மரம் வரைக்கும்தான் கொல்லுகிற ஏற்றம் என்று சொல்லி, கரியை அழுத்தி அந்த இடத்தைக் கறுப்பாக்கினான். சிசிலி குந்தி உட்கார்ந்து அந்தக் கோட்டை விரலால் இரண்டு தடவை ஏறி இறங்கிப் பார்த்தாள்.

"பட்டுச்சுன்னா பலகைய நீங்களும் சேந்துதான் எடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

கஸ்பர் கரிக்கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

திங்கட்கிழமை பனி மூடியிருந்தது. சிசிலி சேலையை விட்டு, மகளின் பழைய ட்ராக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு, மேலே ஸ்வெட்டரும் மாட்டிக் கிளம்பினாள். கஸ்பர் அவளுக்கு முன்பே எழுந்து போய்விட்டிருந்தான். பழகிய பாதி ரோடு தொந்தரவு பண்ணவில்லை. முனியாண்டிக் கல்லின் மேல் அன்றைக்குச் சாமிக்கு வெட்டிய தேசிக்காய்கள் இரண்டு பாதியாகக் கிடந்தன. அதைத் தாண்டும்போது மாதாவே என்று வாய் சொன்னது. முனியாண்டி சாமிக்கும் ஒரு வார்த்தை மனசுக்குள் சொல்லிவைத்தாள். யாரையும் பகைத்துக்கொள்ளக்கூடிய நாள் இல்லை அது.

கல்லுக்கு மேலே ரோடு வேறு ரோடாக இருந்தது. தேயிலை வரிசை வரிசையாகப் போய், திடீரென்று ஓரிடத்தில் வரிசையே கீழே இறங்கியிருக்கும். அது சரியாக மூடாமல் விட்ட குழி. மூடாத குழிகளில் தண்ணீர் தேங்கிப் பச்சைப் பாசி படர்ந்திருந்தது. ஒரு குழியின் ஓரத்தில் உக்கிப்போன மரத்தூண் இரண்டு இன்னும் நின்றன. ஒன்றில் கயிறு கட்டிய தழும்பு இருந்தது. குழி வாய்களைச் சுற்றி யாரும் நடாத கொய்யா மரங்கள். ஆம்பிளைகள் தின்று துப்பிய கொட்டையில் முளைத்தவை. இத்தனை வருஷம் இதைப் பார்க்காதே என்று வைத்திருந்தார்களே, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தாள். பிறகு மாயாண்டி ஞாபகம் வந்தான். ஏதோ ஒரு குழி அவனுடையது. அவள் முன்சக்கரத்தை மட்டும் பார்க்கத் தொடங்கினாள்.

முதல் வளைவில் வெளிப்பக்கம் போனாள். கஸ்பர் சொன்னது சரி. சமனான இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டாள். அங்கேதான் ஆம்பிளைகள் ரோட்டின் ஓரமாக நின்றார்கள். கையில் மண்வெட்டி, காலெல்லாம் சேறு. சைக்கிள் இவ்வளவு தூரம் வரும் என்று அவர்கள் நினைக்கவில்லை. கஸ்பர் பலகைக்குப் பக்கத்தில் நின்றான். அவன் அவளைப் பார்க்காமல் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்னராசா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் கால்களைப் பார்த்தார். ரோட்டில் நடப்பதை அல்ல, காலுக்கும் மண்ணுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை மட்டும் பார்த்தார்.

பலகை ஈரமாக இருந்தது. பெடலை நிறுத்தாமல் போனாள். பலகை ஆடியது, கீழே எங்கோ மண் உதிர்ந்தது, சக்கரம் மறுபக்கம் ஏறிவிட்டது.

இனிக் கொல்லுகிற ஏற்றம். மேலே பனிக்குள் டர்பன்டைன் மரங்கள் தெரிந்தன. அவற்றின் கீழே மனுஷர் கூட்டமும் தெரிந்தது. தாய்மார்கள். பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, மரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு அடி வைக்காமல் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிசிலி நிமிர்ந்து பார்த்துவிட்டாள். பார்த்திருக்கக் கூடாது. தொடை எரிந்தது, காதுக்குள் ரத்தம் இடித்தது. ஒன்றாம் நம்பரில்தான் இருக்கிறது கியர், அதற்குக் கீழே இல்லை. மரத்துக்கு இன்னும் ஒரு லயத்தின் நீளம் கூட இல்லை.

அங்கேதான் சரளை கிடந்தது. ஆம்பிளைகள் அலசிவிட்டு, கல் இல்லை என்று ரோட்டில் கொட்டிய சரளை. முன்சக்கரம் அதில் ஏறி உருண்டது. ஹேண்டில் ஒரு பக்கம் போயிற்று, சைக்கிள் மறுபக்கம் போயிற்று. சிசிலி தன்னையறியாமல் வலது காலை ஊன்றிவிட்டாள்.

கணுக்கால் வரை குழிமண்ணில் புதைந்தது.

சிசிலிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு வாரம் உயிரைக் கொடுத்து ஏறியது, கடைசியில் யாரோ கொட்டிய கல்லில் போயிற்றே. மேலே பெரட்டுக்குச் சங்கு ஊதியது.

"பட்டுருச்சு," என்றார் சின்னராசா. அவர் குரலில் சந்தோஷம் இல்லை, பயம்தான் இருந்தது. "பலகைய எடுங்க."

ஆள்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பலகைக்குப் பக்கத்தில் நின்றவன் கஸ்பர். எடுக்க வேண்டியவன் அவன்தான். அவன் குனிந்தான். குனிந்தவன் அப்படியே பலகையின் மேல் உட்கார்ந்துவிட்டான். இரண்டு கையாலும் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"நான் எந்திரிக்க மாட்டேன் அண்ணே," என்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சண்டைக்கு நடுவில் அவன் பகிடி விடாமல் பேசினான்.

அந்தச் சமயத்தில் மேலே மரத்தடியில் வினோதா நடக்கத் தொடங்கினாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முதுகில் கூடையோடு, வெறுங்காலோடு குழிரோட்டில் இறங்கி வந்தாள். ஒரு தடவை கூடக் கீழே பார்க்கவில்லை. சிசிலியைத் தாண்டினாள். பலகைக்கு வந்ததும் கஸ்பர் காலை மடக்கி வழி விட்டான். நேரே மாமனார் முன்னால் போய் நின்று, பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள். நீட்டிய பிள்ளையை வாங்காமல் இருக்க யாரால் முடியும்? சின்னராசாவும் வாங்கிவிட்டார்.

"மடுவம் இல்லன்னா நீங்களே பாத்துக்குங்க மாமா. எனக்குப் பெரட்டுக்கு நேரமாச்சு," என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பி மேலே ஏறினாள்.

அவள் பின்னால் மற்றவர்களும் இறங்கினார்கள். வீரம்மா வந்து தன் பிள்ளையைத் தன் புருஷன் கையில் திணித்தாள். புருஷன் இங்கே இல்லாதவள் யார் கை காலியாக இருந்ததோ அந்தக் கையில் கொடுத்தாள். இரட்டைப் பிள்ளைக்காரி ஒருத்தி ஒரே ஆளின் இரண்டு தோளிலும் ஒவ்வொன்றாக வைத்தாள். ஒருவரும் சண்டை போடவில்லை, சாபமும் விடவில்லை. பால் போத்தலை எந்தப் பையில் வைத்திருக்கிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு, கூடையைச் சரிசெய்துகொண்டு ஏறிப் போனார்கள். மண்வெட்டிகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. சேற்றுக் கையோடு பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு ஆம்பிளைகள் திகைத்து நின்றார்கள். பிள்ளைகள் முதலில் யோசித்தன. பிறகு எல்லாமாகச் சேர்ந்து அழுதன.

சின்னராசா பேத்தியைப் பார்த்தார். அது அழவில்லை. அவர் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவர் தலையை நிமிர்த்தி மேலே சரிந்து நின்ற மண்ணைப் பார்த்தார். அதிலிருந்து ஒரு சின்ன உருண்டை கழன்று உருண்டு வந்து ரோட்டில் நின்றது. அவர் முகம் வெளுத்தது. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"நடங்கடா," என்றார். "இந்த மண்ணுக்குக் கீழ புள்ளைங்கள வச்சிக்கிட்டு நிக்காதீங்க. மடுவத்துக்கு நடங்க. ஆயம்மா, நீங்க முன்னால போங்க."

சிசிலிக்கு அவர் சொன்னது விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. அந்த ஏற்றத்தில் நின்ற இடத்திலிருந்து சைக்கிளைக் கிளப்புவது லேசில்லை. கஸ்பர் ஓடிவந்து சீட்டைப் பிடித்தான். அவன் பிடித்திருக்க, அவள் இரண்டு காலையும் பெடலில் வைத்தாள். அவன் ஒரு தள்ளுத் தள்ளினான். அவள் மிதித்தாள். மரங்களைத் தாண்டும் வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் பின்னால் அத்தனை பிள்ளைகளின் அழுகையும் அவளோடு ஏறி வந்துகொண்டிருந்தது.

வெல்பெயார் ஐயா மடுவத்து வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பனிக்குள்ளிருந்து முதலில் சேற்றுக் காலோடு ஒரு பொம்பளை சைக்கிளில் வந்தாள். அவள் பின்னால், தலையிலிருந்து கால் வரை மண் பூசிய ஆம்பிளைகள், ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் இரண்டடி பின்வாங்கினார். யார் இவர்கள் என்று கேட்டார்.

சிசிலி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். பேச மூச்சு வரவில்லை. வந்த பிறகு, "புள்ளைங்களோட அப்பாமாருங்க ஐயா," என்றாள். "இன்னையில இருந்து அவுங்கதான் கொண்டாந்து விடப் போறாங்க."

இதைக் கேட்ட ஆம்பிளைகள், தங்களுக்கே அது புதுச் செய்தி என்றாலும், மறுத்துப் பேசவில்லை. வெல்பெயார் ஐயா உள்ளே போய்த் தொட்டில்களைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். மூடுவதைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவே இல்லை.

சின்னராசா மட்டும் வாசலில் நின்றார். பேத்தியைத் தொட்டிலில் விட்ட பிறகும் போகவில்லை. கால் பட்டது உங்கள் தப்பில்லை, சரளையில் சறுக்கியது, சரளை நாங்கள் கொட்டியது என்றார். வாக்கும் தவறவில்லை, கட்டுப்பாடும் குலையவில்லை என்று அவரே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனுஷன். சிசிலி ஆமாம் அண்ணே என்றாள். பிறகு தாழ்ந்த குரலில், அந்தச் சரிவுக்குக் கீழே இனித் தோண்டாதீர்கள், உங்களுக்கும் ஏதாவது ஆனால் வினோதா தாங்க மாட்டாள் என்று சொன்னாள். அவர் கண் கலங்கியிருந்தது.

கல் கிடைத்ததா என்று கேட்பீர்கள். பொம்பளை கால் படுவதற்கு முன்னாலும் கிடைக்கவில்லை, பட்ட பிறகும் கிடைக்கவில்லை. மறுநாள் விடியலிலேயே அவர்கள் சரளை அலசுவதை நிறுத்திவிட்டு, சரிந்த இடத்துக்குக் கல் அடுக்கத் தொடங்கினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் சிசிலி மறுபடி ஏறினாள். பலகை இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்கு மேலே ரோட்டில் ஒரு சரளைக் கல் இல்லை. யாரோ விளக்குமாறு போட்டு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் கூட்டித் தள்ளியிருந்தார்கள். எதிரே மேல்கணக்கிலிருந்து இரண்டு பெண்கள் கடைக்குப் போக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். ரோட்டின் நடுவில், பேசிக்கொண்டு. அவள் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பார்த்துக்கொண்டே மிதித்தாள். கொல்லுகிற ஏற்றத்தில் தொடை எரிந்தது, கால் கீழே படவில்லை. மரத்துக்கு ஒரு எட்டு இருக்கும்போது, இறங்க வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லாமல், பிரேக்கைப் பிடித்து இறங்கினாள். இரண்டு காலையும் குழிமண்ணில் ஊன்றி நின்று, வயிறு நிறைய மூச்சு வாங்கினாள். கீழே கல் அடுக்கிக்கொண்டிருந்த சின்னராசா நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, தேத்தண்ணீர் இருக்கிறது குடித்துவிட்டுப் போங்கள் என்று சொன்னார்.